ஏழு வீட்டு ஃப்ரீஸரும் ஓர் ஐஸ் ஹாரனும்

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கதவைத் தட்ட வேண்டாம், திறந்துதான் கிடக்கிறது. அடுப்படிக்குள் நுழையும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். நிலைக்குப் பக்கத்தில், பழைய தொட்டில் கொக்கியில் தயிர் மூட்டை தொங்குகிறது. நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் முட்டும்.

வந்துவிட்டீர்களா? நான் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். பார்த்ததையெல்லாம் யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று மனசு துள்ளிக்கொண்டிருக்கிறது. நல்ல வேளை, நீங்கள் வந்தீர்கள்.

இது மதுரை செல்லூரில் ஒரு சந்து. வைகையின் வடகரை. நாளை விடிந்தால் சித்ரா பௌர்ணமி. அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் ஊர் செழிக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகம், விசிறி. இந்தச் சந்துக்காரர்கள் போடும் பந்தலில் மட்டும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு: குச்சி ஐஸ். மொத்தம் 150. கடையில் வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் தயிர், பழம், கருப்பட்டிதான். நாளைக்குப் பந்தலில் கை நீட்டப்போகும் பிள்ளைகள் பார்க்காத கூத்தெல்லாம் இன்றைக்கு இந்தச் சின்ன அடுப்படிக்குள் நடக்கிறது.

அதோ, கழுத்தில் இஞ்சு டேப்போடு நிற்கிறாரே, அவர்தான் அக்கா. முன்னறையில் தையல் கடை. இன்றைக்கு மெஷினுக்கு லீவு. தைக்க வந்த ரவிக்கைத் துணிகள் எல்லாம் கட்டிலுக்கு ஏறிவிட்டன. தையல் மேசை மீது பலாச்சுளை அடுக்கியதுபோல மஞ்சள் மஞ்சளாக மாம்பழத் துண்டுகள். கத்தரிக்கோல் இருக்க வேண்டிய இடத்தில் கரண்டி. ஊசிப்பெட்டியை மட்டும் பரணுக்கு மேலே அனுப்பிவிட்டார். "சாப்பிடுற சாமான் பக்கத்துல ஊசி இருக்கவே கூடாது தம்பி" என்றார். மூன்று தடவை எண்ணிப் பார்த்துத்தான் பெட்டியை மூடினாராம்.

முதலில் அந்தத் தயிர் மூட்டையைப் பாருங்கள். முந்தாநாள் ராத்திரி நான்கு லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றியிருக்கிறார். நேற்று இரவு, அலசிக் காயவைத்த வெள்ளை மல் துணியில் தயிரைக் கொட்டி, முடிந்து, கொக்கியில் மாட்டியாயிற்று. கீழே ஒரு குண்டான். சொட்டு... சொட்டு... சொட்டு. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டு, குழாயைச் சரியாக மூடவில்லையோ என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தாராம்.

அக்கா முடிச்சை அவிழ்க்கிறார். உள்ளே வெண்ணெயா, பாலாடையா என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளைப் பந்து. துணியின் நெசவு அதன் மேல் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. விரலால் ஓர் ஓரத்தை வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். புளிப்பு லேசாக, வழவழப்பு நாக்கை விட்டுப் போக மறுக்கிறது. நான்கு லிட்டர் தயிர் இப்போது பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது.

"தண்ணி இருந்தா அது ஐஸ் கட்டியாத்தான் உறையும். பல்லு கூசும். தண்ணிய வடிச்சிட்டா தயிர் வெண்ணெயாட்டம் உறையும்" என்று அக்கா ஒரே மூச்சில் பாடத்தை முடித்துவிட்டார். அமெரிக்காவில் 1970களில் கடைக்கு வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய 'ஃப்ரோசன் யோகர்ட்' என்ற பண்டத்தின் சூட்சுமமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அதை இயந்திரம் செய்கிறது. இங்கே ஒரு தொட்டில் கொக்கி செய்கிறது.

குண்டானில் சேர்ந்த தெளிந்த தண்ணீரைக் கொட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு மதினி ஏற்கனவே தூக்குச்சட்டியோடு வந்து காத்திருக்கிறார். ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைய அதுதான். பச்சைத் தண்ணீருக்குப் பதில் இதை விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி பஞ்சாக இருக்குமாம். "பாதி எனக்கு, பாதி எதிர் வீட்டுக்கு" என்று கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டே போகிறார்.

இப்போது பழத்துக்கு வாருங்கள். இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்கு அக்காவோடு நானும் விடியற்காலையில் போயிருந்தேன். எல்லோரும் காம்பு பச்சையாக, தோல் இறுக்கமாக இருக்கும் மாம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்க, அக்கா கடைக்காரர் ஓரமாக ஒதுக்கிவைத்த கூடையில் கை விட்டார். தோல் சுருங்கிய செந்தூரம். அழுத்தினால் விரல் பதியும் பங்கனப்பள்ளி. ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்து, காம்படியை முகர்ந்து, வாசனை தூக்கலாக இருந்தால் மட்டும் பைக்குள். கசிந்தது, புளித்த வாடை அடித்தது எல்லாம் திரும்பக் கூடைக்கே.

"நாளைக்கு வித்தா தேறாதுன்னு வச்சிருக்கேன், நீங்க அதப்போய் எடுக்குறீங்களே" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இன்னிக்குத் தேறுனாப் போதும்ணே."

காரணத்தை ஆட்டோவில் வரும்போது சொன்னார். நாக்கு சில்லிட்டுப் போனால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அறைச் சூட்டில் திகட்டுகிற பழம்தான் உறைந்த பிறகு அளவான இனிப்பாகத் தெரியும். அரைப்பழத்தை வாங்கினால் அதன் குறையைச் சர்க்கரை கொட்டித்தான் மறைக்க வேண்டும். முழுக்கக் கனிந்ததை வாங்கினால் சர்க்கரையின் வேலையைப் பழமே பார்த்துக்கொள்ளும். கடைக்காரர் ஒதுக்கிய கூடைதான் இந்த ஐஸுக்குச் சர்க்கரை ஆலை! அதைக் கேட்ட கணத்திலிருந்து, கறுத்த புள்ளி விழுந்த வாழைப்பழத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பாசம் பொங்குகிறது.

ஆனாலும் நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் சேர்க்கிறார். மாம்பழத் தயிர் ஐஸ் 50 குச்சிக்கு 200 கிராம். அதாவது ஒரு குச்சிக்கு ஒரு டீஸ்பூன். "நாட்டுச் சர்க்கரைன்னா மருந்துன்னு நெனச்சு அள்ளிப் போடுறாங்க. அதுவும் சர்க்கரைதானே?" பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மேலிருந்து சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், சுமார் ஆறு டீஸ்பூனுக்குள், இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. அக்காவின் ஒரு டீஸ்பூன் அந்த வரம்புக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஒன்றையும் ஏன் விடவில்லை என்றால், சர்க்கரை இருந்தால்தான் ஐஸ் கல்லாக இறுகாமல் கடிக்கிற பதத்தில் நிற்கும்.

மேசையின் அடுத்த முனையில் கம்பம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கறுப்பு முத்து. கொதி வந்ததும் இறக்கி, மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்க்கிறார்கள் இரண்டு கல்லூரிப் பெண்கள். விதை ஒன்று தப்பினால் ஒருத்திக்கு ஒருத்தி ஒரு குட்டு என்று பந்தயம். இதுவரை ஆளுக்கு நான்கு குட்டு. சுவரில் ஊதாத் தெறிப்பு, முழங்கை ஊதா, ஒருத்தியின் மூக்கு நுனியும் ஊதா. யாரும் அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தர்பூசணியைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே உறையவைத்தால் சுத்தியலால் உடைக்க வேண்டும். எனவே நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் கலக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தவலை நிறையப் பானகம்: காய்ச்சி ஆறிய தண்ணீரில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. அழகருக்கு வேண்டிக்கொண்டு ஊரெல்லாம் டம்ளரில் கொடுப்பதை, இவர்கள் குச்சியில் கொடுக்கப்போகிறார்கள்.

"அன்னாசி இல்லையா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அடுப்படியே கொல்லென்று சிரித்தது. போன வருஷம் பச்சை அன்னாசியைத் தயிரோடு அரைத்து உறையவைத்தார்களாம். காலையில் பார்த்தால் 40 குச்சியும் வேப்பிலைக் கசப்பு. அன்னாசியில் உள்ள ஒரு நொதி தயிரின் புரதத்தை உடைத்துவிடும். அந்தக் கசப்பு அதனால்தான். பழத்தை ஒரு கொதி விட்டுச் சேர்த்தால் அது அடங்கிவிடும். பப்பாளியும் இதே ஜாதி. "முதல் குச்சிய எங்க வீட்டுக்காரருக்குத்தான் குடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்லி முழுசாத் தின்னுட்டாரு" என்றார் அக்கா. வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அந்த நல்ல மனுஷர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று.

இனி அச்சு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் அச்சு 150க்கு எங்கே போவது? காபி டம்ளர்தான் அச்சு. சந்து முழுக்க வீட்டுக்கு வீடு டம்ளர் வசூல். இதோ, கூடத்தில் பாய் விரித்து அடுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், எவர்சில்வர் பட்டாளம் மாதிரி! குனிந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணச் சீராக வந்தது, காதுகுத்துக்கு மொய்யாக வந்தது, கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமன் வைத்தது. தேதியோடு வெட்டியவையும் உண்டு. 1974 என்று போட்ட ஒரு டம்ளரை அதன் சொந்தக்காரப் பாட்டி தானே கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். "இதுல ஊத்துற ஐஸ யாரு திங்கிறாங்கன்னு நான் பாக்கணும்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

டம்ளர்களை எண்ணும் பொறுப்பு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம். எந்த வீட்டில் எத்தனை என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறான். மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் 151 வந்தது. அந்த ஒன்று யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. அதற்காகவே ஒரு குச்சியைக் கூடுதலாகப் போட அக்கா அனுமதி கொடுத்துவிட்டார். பையன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால், அந்த 151ஆவது குச்சி யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் வாருங்கள். இந்தச் சந்தின் பெரிய நட்சத்திரம் அங்கே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஐஸ் தாத்தா. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஐஸ் வண்டி தள்ளியவர். சேமியா ஐஸ், பால் ஐஸ், பன்னீர் ஐஸ். வண்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஹாரன் மட்டும் பேப்பரில் சுற்றிப் பரணில் இருந்திருக்கிறது. இன்று காலை அதை இறக்கினார்கள். பித்தளைக் குழல் கறுத்திருக்கிறது. ரப்பர் பந்து வெடித்துப்போய்க் காற்று நிற்கவில்லை. அமுக்கினால் 'உஸ்' என்று பெருமூச்சு மட்டும் வருகிறது. இரண்டு பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். தாத்தாவின் கண் அடிக்கொரு தரம் வாசலுக்குப் போய்வருகிறது.

அவருக்கு முன்னால் ஒரு பெரிய அன்னக்கூடை. அதில் ஐஸ் கம்பெனியிலிருந்து வாங்கிவந்த பாளத்தைச் சாக்கில் சுற்றி உடைத்துக் கொட்டியிருக்கிறார்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. இந்த ஐஸ் வாயில் வைப்பதற்கல்ல. சுற்றிலும் குளிர்விக்க மட்டும். நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதற்குள்தான் வடித்த தயிரும் மாம்பழக் கூழும்.

"வெரல விட்டுப் பாரு" என்றார் தாத்தா. விட்டேன். அய்யோ! சாதா ஐஸ் இப்படிக் கடிக்காது. உப்பு சேர்ந்ததும் ஐஸ் வேகமாக உருகும். உருகத் தேவையான சூட்டைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்கு வெகு கீழே, வீட்டு ஃப்ரீஸர் அளவுக்கே இறங்கிவிடும். ஃப்ரிட்ஜ் வீடுகளுக்கு வருவதற்கு முன் ஐஸ்காரர்கள் கையில் இருந்த மந்திரம் இதுதான்.

"சுத்து தாயி, கைய நிறுத்தாத. நிறுத்துனா பரல் விழுந்துரும்" என்று தாத்தா சொல்லச் சொல்ல, முறை வைத்துக் கொண்டு பெண்கள் தூக்கைப் பிடியோடு இப்படியும் அப்படியும் சுழற்றுகிறார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் வழித்து நடுவில் தள்ள வேண்டும். அசையாமல் உறைந்தால் பெரிய பெரிய பனிப்பரல் கட்டும். கிண்டிக்கொண்டே இருந்தால் பொடிப்பொடியாக, நாக்குக்குத் தெரியாமல் உறையும். என் முறையும் வந்தது. பத்தே நிமிஷத்தில் தோள்பட்டை எரிந்தது. முதுகில் வியர்வை ஆறாக ஓட, விரல் நுனி மட்டும் மரத்துப்போயிருந்தது. சித்திரை வெயிலில் ஒரே உடம்பில் இரண்டு பருவம்!

அரை மணி நேரத்துக்குப் பிறகு தாத்தா மூடியைத் திறந்து கரண்டியைச் சாய்த்தார். இட்லி மாவு பதத்தில், மஞ்சள் பட்டாக மடிந்து விழுந்தது. கொல்லையில் ஒருவரும் பேசவில்லை. தாத்தா ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "ஒரு சிட்டிகை உப்பு போடு." அவ்வளவுதான் தீர்ப்பு. போட்டார்கள். அந்த ஒரு சிட்டிகையில் மாம்பழம் இன்னும் கொஞ்சம் மாம்பழமாக ஆனதை நான் என் நாக்கால் பார்த்தேன்.

இப்போது ஓட்டம். டம்ளரில் முக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே ஊற்ற வேண்டும். உறையும்போது தண்ணீர் உப்பும் என்பதால் விளிம்பில் இடம் விட வேண்டும். மேலே அலுமினியத் தாள் மூடி, நடுவில் கத்தி முனையால் ஒரு கீறல், அதன் வழியே குச்சி. தாள் பிடித்துக்கொள்வதால் குச்சி சாயாமல் நிற்கிறது. அக்கா இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, வெளியே இரண்டு அங்குலம் நிற்கிறதா என்று அளந்து பார்க்கிறார். "ரவிக்கைக்கே கால் இஞ்சு விட்டுக்குடுக்க மாட்டேன்" என்கிறார். சாயம் பூசிய கைவேலைக் குச்சிகளை ஒருவர் வாங்கிவந்திருந்தார். அவற்றை ஒதுக்கிவிட்டு, உணவுக்கென்றே விற்கும் சாயமில்லாத குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர்வலம். ஒரு ஃப்ரீஸரில் இருபத்திரண்டு டம்ளருக்கு மேல் நிற்காது. எனவே ஏழு வீட்டு ஃப்ரீஸர்கள் இன்று பொதுச்சொத்து. எட்டாவதாக ஒரு வீட்டில் ஆசையாகக் கூப்பிட்டார்கள். அக்கா கதவைத் திறந்து ஒரே ஒரு தரம் மூச்சை இழுத்தார். போன வாரத்து வஞ்சிர மீன்! தயிர் பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அந்த வீட்டு மதினிக்கு முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று, "உங்க வீட்டுல மேல் தட்டுல மோர்ப்பானைய வச்சிக்கிறேன் மதினி" என்று சமாளித்தார். தாம்பாளத்தில் டம்ளர்களை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகச் சந்தைக் கடந்த அழகைப் பார்க்க வேண்டுமே! முளைப்பாரி எடுத்துப்போவது போலவே இருந்தது. நாய்கூட வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

கடைசித் தாம்பாளத்தில் பத்து டம்ளர் மட்டும் தனி நிறம். அது நீர்மோர் ஐஸ்: மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, துளி உப்பு, பெருங்காயம். பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். "அது ஒங்களுக்கில்ல, எங்களுக்கு" என்றார் 1974 பாட்டி.

இரவு ஒன்பது மணி. வேலை முடிந்து எல்லோரும் மொட்டைமாடியில் கால் நீட்டியிருந்தோம். நிலா குடம் மாதிரி எழும்பியிருந்தது. தல்லாகுளம் பக்கத்திலிருந்து 'கோவிந்தா' கோஷம் காற்றில் வந்து வந்து போயிற்று. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்தும் கூட்டம் கலையவே இல்லை. திடீரென்று சந்து முழுக்க இருட்டு. கரண்ட் போய்விட்டது.

அடுத்த வினாடி அக்காவின் குரல் ஏழு வீட்டுக்கும் கேட்டது: "யாரும் ஃப்ரீஸரத் தெறக்காதீங்க!"

இருட்டில் வீட்டுக்கு வீடு அதே வார்த்தை எதிரொலித்தது. "தெறக்காத... தெறக்காத..." நிறையச் சாமான் அடைத்த ஃப்ரீஸர், கதவைத் திறக்காமல் விட்டால், குளிரை நீண்ட நேரம் பிடித்துவைத்திருக்கும். ஒரு தரம் எட்டிப் பார்த்தால் போச்சு. பாதி உருகி மறுபடி உறைந்தால் பரல் விழுந்து, தாத்தாவின் அரை மணி நேரச் சுழற்றல் வீணாகிவிடும். ஆறாம் வகுப்புப் பையன் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா தண்ணீர் கேட்டுக்கூட அவன் நகரவில்லையாம்.

இருட்டில் பொழுது போக வேண்டுமே. குச்சி ஐஸ் பிறந்த கதையைச் சொன்னேன். 1905இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் எப்பர்சன் என்று 11 வயதுப் பையன். சோடாப் பொடியைத் தண்ணீரில் கலக்கிய டம்ளரை, கலக்கிய குச்சியோடு, வீட்டு முன்வாசலில் மறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். ராத்திரி கடுங்குளிர். காலையில் பார்த்தால் குச்சியோடு ஐஸ்! பெரியவராகி, 1924இல்தான் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

"நம்ம வாசல்ல வச்சிருந்தா எறும்புதான் மொச்சிருக்கும்" என்றாள் ஊதா மூக்குப் பெண். இருட்டே சிரித்தது. தாத்தா மட்டும் நிதானமாக, "மறந்தவனுக்குக் கெடச்சுது. நாம மறக்காம இருந்து செய்யுறோம்" என்றார். முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. ஏழு ஃப்ரிட்ஜும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. மாடியில் கைதட்டல்.

விடிந்தது. பாதிப் பேர் ஆற்றுக்குப் போய் அழகரைச் சேவித்துவிட்டு, பீய்ச்சிய தண்ணீரில் நனைந்த தலையோடு ஓடிவந்தார்கள். எட்டு மணி. முதல் டம்ளர் வெளியே வருகிறது. கிட்ட வாருங்கள், இந்த நிமிஷத்துக்காகத்தான் உங்களைக் கூட்டிவந்தேன்.

டம்ளரின் மேல் வெள்ளைப் பனி பூத்திருக்கிறது. அக்கா அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டி மனசுக்குள் பத்து எண்ணுகிறார். உதடு மட்டும் அசைகிறது. குச்சியைப் பிடித்து லேசாகத் திருகுகிறார். வரவில்லை. இன்னொரு ஐந்து எண்ணுகிறார். மறுபடி ஒரு திருகு. 'ப்ளக்!' டம்ளரின் வடிவத்திலேயே மழமழவென்று ஒரு மாம்பழத் தூண் எழுந்து நிற்கிறது. உச்சியில் வட்டமாக, உட்புறப் பள்ளம் அச்சாக விழுந்திருக்கிறது. புகை மாதிரி ஒரு குளிர் அதைச் சுற்றி இறங்குகிறது. கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

எல்லாம் இவ்வளவு அழகாக வந்துவிடவில்லை. திராட்சையில் மூன்று குச்சி கையோடு வந்து, ஐஸ் டம்ளரிலேயே தங்கிவிட்டது. தர்பூசணி ஒன்று நடுவில் முறிந்தது. முறிந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு, உழைத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி. பானகமும் திராட்சையும் தர்பூசணியும் கலந்து உருகிய அந்தக் கிண்ணத்துக்கு நிகராக நான் ஒன்றைத் தின்றதில்லை. உருவியவை எண்ணெய்த்தாளில் சுற்றித் தெர்மோகோல் பெட்டிக்குப் போயின. எடுக்க எடுக்க டம்ளர்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, நோட்டைப் பார்த்துப் பார்த்து வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

பத்து மணி. பந்தலில் நீர்மோர்ப் பானைகள் வேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஆற்றிலிருந்து திரும்பும் கூட்டம் சந்து முனையைத் தாண்டிப் போகிறது. தோளில் பிள்ளை, கையில் விசிறி, நெற்றியில் நாமம். பிள்ளைகள் வெயிலில் சோர்ந்து சிணுங்குகிறார்கள். பெட்டிக்குள் ஐஸ் இருப்பது யாருக்கும் தெரியாது. அக்கா கூவிக் கூப்பிடலாமா என்று பார்த்தார். தொண்டை கட்டியிருந்தது, ராத்திரி 'தெறக்காதீங்க' போட்ட சத்தம்.

பஞ்சர் கடையில் நேற்று விட்டுவந்த ஹாரனை வாங்கிக்கொண்டு பையன்கள் அப்போதுதான் வந்தார்கள். ஹாரனுக்குப் புது ரப்பர் பந்து கிடைக்கவில்லையாம். கடைக்காரர் பழைய பந்துக்கே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை, இரண்டு குச்சி எடுத்துவைக்கச் சொன்னாராம். தாத்தா அதை வாங்கி வேட்டி முனையால் பித்தளையைத் துடைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வண்டி தள்ளுகிறவர் மாதிரி ஒரு கையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் பந்தை அமுக்கினார்.

'பாம்... பாம்... பாம்...'

சளி பிடித்த குரல்தான். ஆனால் சந்து முனையில் போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. முதலில் திரும்பியது பிள்ளைகள் இல்லை. நாற்பது, ஐம்பது வயது அப்பாக்களும் அம்மாக்களும்! அந்தச் சத்தம் கேட்ட திசைக்கு அவர்கள் கால் தானாகத் திரும்பியது. இடுப்பில் இருந்த பிள்ளைகளும் கூடவே வந்து சேர்ந்தார்கள். பெட்டி திறந்தது. மஞ்சள், ஊதா, சிவப்பு, கருப்பட்டிப் பழுப்பு. ஒரு சின்னப் பெண் மாம்பழத்தை வாங்கி முதல் நக்கு நக்கிவிட்டு, "அம்மா, இது நெசமாவே மாம்பழம்!" என்று கத்தினாள்.

1974 பாட்டி நீர்மோர் ஐஸைச் சப்பிக்கொண்டு, யார் யார் தின்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 151ஆவது குச்சியோடு ஆறாம் வகுப்புப் பையன் தாத்தா பக்கத்தில் போய் நின்றான். அவனே தின்பான் என்று நான் நினைத்தது தப்பு. "தாத்தா, இது கணக்குல வராதது. ஒங்களுக்கு" என்று நீட்டினான். தாத்தா ஹாரனை அவன் கையில் கொடுத்துவிட்டு ஐஸை வாங்கிக்கொண்டார்.

அடுத்த 'பாம் பாம்' அவன் அடித்தது.